ஒன்பதாம் படி

தலவாக்கலை ஸ்டேஷனுக்குப் பின்னால்
போட்டோகொப்பி கடைக்கு மேல் ஓர் அறை.
போயா விடுமுறை. கடைக்குப் பூட்டு, எங்களுக்குச் சாவி.
தகரத்தில் மழை,
யாரோ மேலே அரிசி புடைப்பது மாதிரி.

மேசையில் பழைய நாட்காட்டித் தாள்.
அதன் பின்பக்கம் நான் கீறிய கோட்டை, அகழி, சுரங்கம்.
எங்கள் ஆட்களுக்குச் சோடாமூடி,
பூதங்களுக்குப் புளியங்கொட்டை.
இருபது முகப் பகடை மட்டும் அசல்,
ரினோஸின் மச்சான் கட்டாரிலிருந்து கொண்டுவந்தது.

முதலாம் படியில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
ரினோஸின் மந்திரக்காரனுக்கு
நாளைக்கு ஒரு நெருப்பு, அவ்வளவுதான்.
அதை ஓர் எலிமேல் எறிந்துவிட்டு
தவக்கொடியின் கேடயத்துக்குப் பின்னால் பதுங்குவான்.
பூனை உதைத்தாலே செத்துப்போகிற உயிர்.
அவள் வெட்டுவாள். நாங்கள் கைதட்டுவோம்.
பெர்னாட்டின் பூசாரி மருந்து போடுவான்.

இப்போது ஒன்பதாம் படி.
மந்திரக்காரன் ஆற்றுக்கு மேலால் பறக்கிறான்,
சுவருக்குள் நடக்கிறான்,
செத்தவனைக் கூப்பிட்டு விலாசம் கேட்கிறான்.
தவக்கொடியின் முறை வரும்போது கேட்கிறேன்:
என்ன செய்றீங்க?
"வெட்டுறேன்."
சுற்று முடிந்து மறுபடி அவள் முறை.
"இன்னொரு தடவ வெட்டுறேன்."
இத்தனை படி ஏறி அவளுக்குக் கிடைத்தது
அந்த இன்னொரு தடவைதான்.

சமன் செய்வது நடத்துகிறவன் வேலை என்று
போன மாதம் அவள் வழியில் ஒரு வாள் வைத்தேன்,
நீல நெருப்பு எரிகிற வாள்.
"இதுவும் மந்திரந்தானே" என்றாள்,
"எவனோ ஒரு மந்திரக்காரன் செஞ்சது.
எங் கை என்ன ஆச்சு?"
வாள் இன்னும் அந்தக் குகையில் கிடக்கிறது.

ரினோஸ் கணக்கு வாத்தியார், கணக்காகவே பேசினான்:
"எனக்கு எண்ணிக்கை இருக்கு. தீர்ந்தா தீர்ந்ததுதான்.
உங்களுக்கு வாள் தீராதே."
"நீ ஒரு ராத்திரி தூங்கினா எல்லாம் திரும்பி வருது."
அவள் அப்போது
கொழுந்து வாட்டும் மாடியில் இரவு வேலை முடித்து
நேரே வந்திருந்தாள்.

இன்று சுரங்கத்தின் கடைசிக் கதவு.
வெளியே முப்பது புளியங்கொட்டை.
ரினோஸ் நீண்ட மந்திரம் ஒன்றைத் தொடங்கினான்.
பத்துச் சுற்று, வாய் நிற்கக் கூடாது.
"கதவ நான் பிடிச்சுக்கிறேன்" என்றாள்.
அதற்கு விதியில் ஒரு வரிகூட இல்லை.
உருட்டுங்க என்றேன்.
பதினொன்று. பதினாலு. ஒன்பது, மயிரிழையில்.
ஏழாம் சுற்றில் பதினெட்டு விழுந்து நிற்க,
பதுளை ரயில் ஊருக்குள் வந்தது.
மேசை நடுங்கிப் பிளேன்டீ தளும்பியது.
பகடை சோம்பலாய்ப் புரண்டு
இரண்டைக் காட்டியது.

"செல்லாது, ரயில் உருட்டினது" என்றான் பெர்னாட்.
செல்லாதுதான் என்றேன் நானும்.
"ரெண்டுன்னே எழுதுங்க.
முப்பது பேர் தள்ளுறப்ப நெலம் அதிராதா?"

எழுதினேன். கதவு ஒரு சாண் திறந்தது.
புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாய் நகர்த்தினேன்,
மெதுவாக, யாருக்காவது ஏதாவது தோன்றட்டும் என்று.
ரினோஸ் தன் தாளைப் பார்த்தான்.
ஆறு சுற்று மந்திரம் வாயில்.
உடல் வலிமைக் கட்டத்தில் ஐந்து.
முதல் நாள் அதைப் பார்த்துத்தான் எல்லோரும் சிரித்தோம்.
"மந்திரத்த விடுறேன். நானும் தள்ளுறேன்."
"நீ தள்ளினா எவ்வளவு கூடும்?"
"கணக்குப்படி, மூணு குறையும்."
தவக்கொடி சிரித்துவிட்டாள்.
"சரி வா. எடது பக்கம் நில்லு."
பகடையை அவன் பக்கம் தள்ளினாள்.

ஏழு. போதாது.

நாலு மணிக்குச் சாவியைக் கொடுக்க வேண்டும்.
கதவு எவ்வளவு திறந்தது,
யார் எந்தப் பக்கம் விழுந்தார்கள் என்பதை
அடுத்த போயாவுக்குள் நான் தீர்மானிக்க வேண்டும்.
நாட்காட்டியை மடித்து
அந்த இரண்டு சோடாமூடியை மட்டும்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
தவக்கொடியின் தாளில் ஒன்பதாம் படிக்கு நேரே
'இன்னொரு தடவை வெட்டலாம்', என் கையெழுத்து.
அதை அடித்தேன்.
பேனை அங்கேயே நிற்கிறது.

கீழே ஈரப் படிக்கட்டில்
இன்றைக்கு எத்தனை மணிக்கு வேலை என்று
ரினோஸ் கேட்பது கேட்கிறது.
"ஏழு" என்கிறாள்.