உமி

மூன்றாம் நாள் பின்னேரம் பொடியன்கள் வந்தார்கள்.
"புவியண்ணே, நாலு ஹோர்னும் வேணும்.
ஊரைக் கூட்டோணும்."
எந்த ஊரை என்று நான் கேட்கவில்லை.
கையில் பொல்லு.
ஒருத்தனின் கலியாணத்துக்கு நான்தான் மைக் கட்டினேன்.

வைகாசியில் அம்மன் சடங்குக்கு
காரைதீவு வேம்பில் ஏறுகிற அதே ஹோர்ன்தான்
கந்தூரிக்கு மாளிகைக்காட்டுத் தென்னையில் ஏறும்.
குளிர்த்திப் பாட்டின் ஈரம் காயமுதல்
பைத்து ஓதும் குரல் அதற்குள் போகும்.
வாடகை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.
இரண்டு இடத்திலும் பிந்தித்தான் தருவார்கள்.

"யூனிட் எரிஞ்சு போச்சு தம்பி" என்றேன்.
பொய்.
நாலையும் விடியப்புறம் கழற்றி
நெல்லு மூட்டைக்குள் புதைத்திருந்தேன்.
யூனிட் இல்லாத ஹோர்ன் பெரிய ஊமத்தம்பூ.
ஒருத்தன் அதில் வாயை வைத்துக் கத்திப் பார்த்தான்.
பக்கத்து வளவு நாய்கூடத் திரும்பவில்லை.

வெறுங்கையோடு போனார்கள் என்று சொல்ல ஆசை.
பொல்லோடுதான் போனார்கள்.
அன்றிரவும் எல்லை வீதியில் இரண்டு கடை எரிந்தது,
ஒன்று அவர்களுடையது, ஒன்று எங்களுடையது.
கச்சான் காற்று
புகையைக் கடலுக்குத் தள்ளிக்கொண்டு போனது.

ஊரடங்கு. கரண்ட் இல்லை.
மேசைக்கடியில் உதுமாலெப்பை பாவாவின் றபான்.
செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து வைத்தவர்:
"மைக்கில இது ஓட்டைப் பானையாக் கேக்குது மனே,
என்னெண்டு பாரு."
புதன் காலை ரோட்டில் டயர் எரிந்தது.

எனக்கு அடிக்கத் தெரியாது.
ஈயம் பற்றவைத்துப் பழகிய விரல்.
கடற்காற்றில் தோல் தளர்ந்து கிடந்தது,
விளக்குச் சூட்டில் காட்டினேன்.
பிறகு மதிலோரம் குந்தி
மைக் சோதிக்கிற மாதிரித் தட்டினேன்:
ஒன்று. இரண்டு. ஒன்று, இரண்டு.

தவமலர் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.
"ஆமிக்காரன் சுடுவான். இல்லாட்டி நம்மட ஆக்கள்."
யார் முந்துவார்கள் என்று
இருவருக்கும் தெரியவில்லை.

மதிலுக்கு அப்பால் இரண்டு வளவு, ஒரு வாய்க்கால்,
பிறகு அவர்கள்.
நெடுநேரம் தவளைகள்.
பிறகு
சட்டியோ, எண்ணெய்த் தகரமோ,
மோதிரம் பட்ட சத்தம்:
ஒன்று. இரண்டு. ஒன்று, இரண்டு.

பாவாதானா தெரியாது.
யாரோ பிள்ளையைப் பராக்குக் காட்டியதாகவும் இருக்கலாம்.
இதை இசை என்றால் வித்துவான்கள் சிரிப்பார்கள்.
தாளம் பிசகியது.
அது பிசகின இடத்தில் நான் காத்திருந்தேன்.
நான் பிசகின இடத்தில்
அது காத்திருந்தது.

தவமலர் கையை விட்டாள்.
தோல் கருகாமல்
விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

பத்தாம் நாள் பாதை திறந்தார்கள்.
றபானை எடுக்கப் பாவா வரவில்லை, மகன் வந்தான்.
வாசலிலேயே நின்றான்.
"இப்ப சரியாக் கேக்குதா?"
"கேட்டது" என்றேன்.
வேறு எதையும் நானும் கேட்கவில்லை.

யூனிட்டுகளை நெல்லிலிருந்து எடுத்துப் பூட்டினேன்.
மூன்றாவதில் மட்டும் ஒரு கரகரப்பு,
உமித்தூசு உள்ளே போயிருக்க வேண்டும்.
திருத்தச் சொல்கிறார்கள்
கோயிலிலும் பள்ளியிலும்.
பார்ப்பம் என்கிறேன்.