வெள்ளிக் கணக்கு

போன வருடத்து ஆணியிலேயே
மர்ரே அந்தப் பலகையை மாட்டினான்.
'இன்று அரசு விடுமுறை.
எல்லா விலையிலும் பதினைந்து விழுக்காடு கூடுதல்.
ஊழியர்களுக்குக் கூட்டித் தருகிறோம், பொறுத்தருள்க.'
பொறுத்தருளுவார்கள்.
திமாருவின் ஜூலைக் குளிருக்கு
சூடான பன் எந்த விலைக்கும் நியாயம்தான்.

உள்ளே, அடுப்பின் முன்னால் ஙாஹுயா.
நம் நெடுங்கணக்கில் ஆண்டு முழுக்க விடுப்பிலிருக்கும் ங
இவள் பெயரில் மட்டும்
முதல் ஆளாக வேலைக்கு வந்து நிற்கிறது,
அதிகாலை மூன்றரைக்கு.

நியூசிலாந்துச் சட்டம் சொல்வது சின்ன விஷயம்:
விடுமுறையில் வேலை வாங்கினால்
ஒன்றுக்கு ஒன்றரையாகக் கூலி கொடு.
அது வழக்கமாக வரும் நாள்தான் என்றால்
பதிலுக்கு வேறொரு நாளையும் கொடு.
'வழக்கமாக' என்ற சொல்லில்
மர்ரே ஒரு ஜன்னல் கண்டுபிடித்திருந்தான்.

இரண்டு வருடமாக வெள்ளிதோறும் மாவு பிசைந்தவளுக்கு
ஜூன் பிறந்ததும் வெள்ளி காணாமல் போனது.
'இந்த வாரம் வியாழன் வாயேன், ஆள் குறைவு.'
அடுத்த வாரமும் ஆள் குறைவு.
அதற்கப்புறம் கேட்கவேயில்லை,
பட்டியலே வியாழன் என்றது.
அப்படியே வந்து சேர்ந்தது மத்தாரிக்கி.
'இந்த வெள்ளி மட்டும் வந்துடு.
ஒன்றரைக் கூலி, காசு குறையாது.
பதில் நாள் வராது.
உனக்குத்தான் இப்போ வெள்ளி வழக்கமில்லையே.'

மத்தாரிக்கி,
நாம் கார்த்திகை என்று கூப்பிடும் அதே கூட்டம்தான்.
குளிர்கால விடியலில் அது மறுபடி எழும்போது
அந்த ஆண்டு இறந்தவர்களின் பெயர்களை
வானத்தைப் பார்த்துச் சொல்வார்கள்.
மார்ச்சில், துறைமுகத்தில், மரக்கட்டைகள் சரிந்து
போனான் அவள் தம்பி தமாஹோ.
அந்த ஒரு பெயரைச் சொல்ல
மே மாதமே விடுப்புக் கேட்டிருந்தாள்.
'பார்க்கலாம்' என்றான் மர்ரே.
பார்த்தான்.

ஐந்தே முக்கால்.
கடற்கரையில் இந்நேரம் கூடியிருப்பார்கள்.
அடுப்பைத் திறந்தாள், பின்கதவையும்.
ஆவி அவளை முந்திக்கொண்டு வெளியே போனது,
குப்பைத் தொட்டிகளைத் தாண்டி,
பக்கத்துக் கடையின் தகரக் கூரையைத் தாண்டி.
மேகம். பேருக்கு ஒரு வெள்ளி இல்லை.
இருந்தாலும் சொன்னாள்,
கையுறையைக்கூடக் கழற்றாமல்,
சத்தமாக இல்லை, கூச்சமாகவும் இல்லை.
பின்னால் டைமர் அலறியது.
இரண்டாம் தட்டு கொஞ்சம் கருகிவிட்டது.
அதையும் பதினைந்து விழுக்காடு கூட்டித்தான் விற்றார்கள்.

கூலிச் சீட்டு வந்த அன்று
பழைய வேலைப் பட்டியல்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.
நூற்றுச் சொச்சம் தாள்கள்,
மாவு படிந்தவை, வெண்ணெய் விரல் பதிந்தவை.
வெள்ளிக் கட்டத்தில் அவள் பெயர்,
அவன் கையெழுத்தில்.
'வழக்கம் எதுன்னு நீயே எண்ணிச் சொல்லு.'

மர்ரே கெட்டவன் என்று எழுதினால்
கவிதை சுலபமாக முடிந்துவிடும்.
ஆறு வருடமாக அவனுக்கும் விடுப்பில்லை.
எரிவாயு பில் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தைப் பிடித்துத் தொங்குகிறது.
நெடுநேரம் எண்ணினான்,
அல்லது எண்ணுவதுபோல் குனிந்திருந்தான்.
'செவ்வாய் எடுத்துக்கோ. சம்பளத்தோட.'

செவ்வாய்.
வானம் ஒருவேளை துடைத்துவைத்ததுபோல் இருக்கலாம்.
கடற்கரையில் யாரும் இருக்க மாட்டார்கள்.
கடன் தீர்ந்ததா என்றால்,
ஏட்டில் தீர்ந்தது.

வாசல்வரை போனவள் திரும்பினாள்.
'லோசலினுக்கு?'
'அவளுக்கு என்ன?'
'அக்டோபர்ல தொழிலாளர் தினம் வருது. திங்கட்கிழமை.
போன வருஷம் செப்டம்பர்லயே
அவளோட திங்களெல்லாம் புதனாச்சு.'
மர்ரே காலண்டரைப் பார்த்தான்.
அது இன்னும் ஜூலையில்தான் இருந்தது.

உள்ளே, டோங்காக்காரி லோசலின்
சுவரில் ஒட்டிய இந்த வாரப் பட்டியலை
கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்,
மாவுக் கையோடு, கொஞ்சம் கோணலாக,
தேதி மட்டும் தெளிவாகத் தெரியும்படி.