வரிசையில் நின்ற பைகள்

பதினோராவது நாள் மழை.
பந்தலூரில் இதை யாரும் செய்தியாகச் சொல்வதில்லை.
"இன்னும் விடலையா" என்று கேட்பவர்
கோயமுத்தூரிலிருந்து போன் செய்கிறவராக இருப்பார்.

ரேஷன் கடைக்குள் அரிசி மூட்டை வியர்க்கிறது.
சீனியை உடைக்கவென்றே ஒரு சுத்தியல் வைத்திருக்கிறேன்.
கைரேகை மெஷின் நேற்றிலிருந்து
ஒரு சின்ன வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.
சுற்றி முடித்தாலும்
கொழுந்து கிள்ளித் தேய்ந்த விரலை
விரல் என்று ஒப்புக்கொள்ளாது.
தங்கேஸ்வரி கட்டைவிரலைத் தலைமுடியில் தேய்த்து
ஊதி
மறுபடி வைக்கிறாள்,
கோபித்துக்கொண்ட பிள்ளையின் கன்னத்தைத் தொடுவதுபோல.

வெளியே தகரத்துக்குக் கீழே முப்பது பேர்.
பேச்சு முழுக்கத் துணியைப் பற்றி.
குருசம்மாள் மகனின் யூனிபார்மை
இட்லிப் பானை மூடிமேல் விரித்துக் காயவைத்தாளாம்.
அவன் வகுப்பில் உட்கார்ந்தால்
பக்கத்துப் பையனுக்குப் பசிக்கிறதாம்.

பதினொன்று இருபதுக்கு
எதிர்ச்சரிவில், லயங்களுக்கு மேலே,
தேயிலை ஒரு கோடு மட்டும் பச்சையானது.
முதலில் பார்த்தது பீரான் காக்கா.
சாயா ஆற்றிய கை உயரத்திலேயே நின்றுவிட்டது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை,
சொன்னால் போய்விடும் என்று பயந்திருப்பார்.
கோடு அகலமாகி ஓடையைத் தாண்டி
சாலையைத் தாண்டி
எங்கள் தகரத்தில் ஏறியது.

"வெயிலு!"

அவ்வளவுதான்.
பைகளை நின்ற இடத்திலேயே போட்டுவிட்டு
முப்பது பேரும் ஓடினார்கள்.
செருப்புச் சத்தம் நாலு பாதையில் பிரிந்து இறங்கியது.
மூட்டுவலி என்று முன்னால் விடப்பட்டிருந்த
சிவபாக்கியமும் ஓடினாள்.
அதை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

வரிசையில் பைகள் நின்றன.
ஜவுளிக்கடைப் பை, உரச்சாக்கில் தைத்த பை,
மணமக்கள் பெயர் பாதி அழிந்த தாம்பூலப் பை.
ஒன்றும் முந்தவில்லை.

அதற்குள் சரிவெல்லாம் துணி.
வேலியில், தேயிலைமேல், கோயில் மதிலில்,
நிறுத்தியிருந்த ஜீப்பின் நெற்றியில் ஒரு பாவாடை.
ஊர் தன் உள்ளாடையெல்லாம் வெளியே எடுத்துக் காட்டியது,
வெட்கப்பட நேரமில்லை.

நானும் ஷூவைக் கழற்றினேன்.
அட்டைக்குப் பயந்து புகையிலை வைத்துக் கட்டிய சாக்ஸ்
இரண்டையும் படியில் விரித்தேன்.
ஊறி வெளுத்த பாதங்களை நீட்டினேன்.
முதலில் நகம் உணர்ந்தது.
வெகுநேரம் கழித்துத்தான் எலும்பு.
என் காலிலிருந்து ஆவி எழுவதை
நான் உட்கார்ந்து பார்த்தேன், வேறு வேலையில்லாதவள்போல.

உள்ளே மெஷின் விழித்துக்கொண்டது.
நாலு கோடும் நிறைந்த சிக்னல்.
"விரலை வைக்கவும்" என்றது.
யார் வைப்பது?
நிழல் நகர்ந்து வந்ததால்
காலைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிக்கொண்டேன்.
"விரலை வைக்கவும்."
கேட்காமலே ஒரு கட்டன்சாயா வந்தது.
டம்ளரின் அடிவரை வெளிச்சம் இருந்தது.

நாற்பது நிமிஷம் இருக்கும்.
நிலம்பூர்ப் பக்கமிருந்து முதல் தூறல்.
எல்லோரும் மூச்சிரைக்கத் திரும்பி வந்து
அவரவர் பைக்குப் பின்னால் நின்றார்கள்.
மாராயி மட்டும் கம்பளியை வீட்டில் விட மனமில்லாமல்
மழைக்காகிதத்தில் சுற்றித் தூக்கி வந்திருந்தாள்.
"தொட்டுப் பாருங்கக்கா" என்று ஜன்னல் வழியே நீட்டினாள்.
தொட்டேன். பிறகு முகத்தை வைத்தேன்.
அதன் பின் அது கைமாறிக் கைமாறி
வரிசையின் கடைசிவரை போய்வந்தது.
ஒவ்வொருவரும் கொஞ்சநேரம் வைத்திருந்தார்கள்.

சிக்னல் போய்விட்டிருந்தது.

சாக்ஸில் ஒன்று மொறுமொறுவென்று காய்ந்திருந்தது.
மற்றது படி நிழலில் மாட்டிக்கொண்டு
குதிகாலில் ஈரம்.
காய்ந்ததை வலக்காலில் போட்டேன்.
சாயங்காலம் பஸ்ஸுக்கு நடக்கையில்
எனக்கு அந்த ஒரு கால்தான் இருந்தது.