ஈரத்தின் எல்லை

பத்திரத்தில் ஒன்றரை வரிதான்:
ஓட்டு வீடு, இரண்டு பத்தி, கிணறு பொது.
தெருவை அடைத்து நிற்கும் பெரிய வீட்டுக்குக்
கணக்கெழுதியவர் குடியிருந்ததாம்.
அந்த வீட்டுக்கு முப்பத்தெட்டுப் பங்கு.
இதற்கு நான் ஒருத்தி.

காரைக்குடி ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம்
எக்ஸ்ரே எடுத்தவள்.
‘மூச்சை இழுத்துப் பிடிங்க’ என்று
எத்தனை ஆயிரம் நெஞ்சுகளிடம் சொல்லியிருப்பேன்.
‘விடுங்க’ சொல்ல மறந்துபோய்
ஒருவர் வெகுநேரம் அப்படியே நின்றார், பாவம்.

வடக்குச் சுவர் நின்றதும் அப்படித்தான்.
யாரோ சிமெண்டு பூசி
மேலே பச்சை எனாமல் அடித்திருந்தார்கள்.
உள்ளே போன மழைக்கு வெளியே வர வழியில்லை.
சந்தியாகு உளிப்பிடியால் தட்டினார்.
ஓரிடத்தில் ‘ணங்’, ஓரிடத்தில் ‘தொப்’.
‘விட்டுருச்சும்மா, உள்ளே பிடிப்பில்லை.’

மூன்று நாள் கொத்தினோம்,
அப்பளம் அப்பளமாக விழுந்தது.
அடியில் பழைய சுண்ணாம்பு.
அதில், சூளையில் வேகாமல் தப்பிய
சுண்டுவிரல் நகமளவு ஒரு கிளிஞ்சல்.
தொண்டிப் பக்கமிருந்து வண்டியில் வந்திருக்கும் என்றார்.
பழக்கதோஷம்,
டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன்.
முறிவில்லை.

‘ஐப்பசி கார்த்திகை போகட்டும், பிறகு பூசலாம்’ என்று
அட்வான்ஸில் பாதியைத் திருப்பித் தந்தார்.
கொத்தனார் பணம் திருப்பித் தந்த கதையை
எங்கள் வீட்டுக்காரர் பஸ்ஸில் சொல்லிப் பார்த்தார்.
ஒருவரும் நம்பவில்லை.

பால் காய்ச்சுவது எப்போது என்று கேட்டவர்களிடம்
சுவர் காயட்டும் என்றேன்.

மழை பிடித்துக்கொண்டது.
ஓடு மாற்றியும் எங்கேயோ ஒழுகி
சுவரில் கருப்பாகப் படர்ந்தது.
காலையில் அந்த விளிம்பைப் பென்சிலால் வரைந்து
தேதி போட்டேன், நோயாளிக்குச் சார்ட் எழுதுவதுபோல.
மறுநாள் ஒரு விரற்கடை உள்ளே.
அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம்.
தீபாவளிக்கு மறுபடி வெளியே.
கார்த்திகை கடைசியில் பதினேழு கோடுகள்
ஒன்றுக்குள் ஒன்று,
பள்ளிக்கூட அட்லஸில் தீவு கிடக்கிற மாதிரி.
நடுவில் உள்ளங்கையளவு மட்டும் காயவில்லை.
தொட்டு நாக்கில் வைத்தேன்.
உப்பு.
கடல் இங்கிருந்து முப்பது மைலாவது இருக்கும்.

தையில் சாந்து குழைத்தவர்
கோடுகளைப் பார்த்துக் கரண்டியை நிறுத்தினார்.
‘இதையும் மூடிரவா?’
‘மூடுங்க. சிமெண்டு மட்டும் வேண்டாம்.’

ஈரப்பூச்சில் சாய்ந்து காப்பி குடித்துவிட்டு
முதுகு நிறைய வெள்ளையோடு
பேங்குக்குப் போய்வந்தார் எங்கள் வீட்டுக்காரர்.
வழியில் யாருமே சொல்லவில்லையாம்.
புறப்படும்போதே நான் பார்த்தேன்.
நானும் சொல்லவில்லை.