எலியாயிருக்கும்

சனிக்கிழமை, ராட்டர்டாமில் வீபேயின் வீடு.
நான்காம் மாடி. கீழே டிராம் போனால்
மேசைமேல் கோப்பைகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்.
‘பாதரச நகரம்’ விளையாட்டை நால்வரும் முடித்தாயிற்று.
இனி அடித்துக்கொள்வதுதான் பாக்கி.

காற்றுக்குழாய், என்று தொடங்கினான் ச்யேர்ட்.
எந்தக் கட்டடத்துக்குள் போனாலும்
ஓர் ஆள் தவழ்ந்து போகிற அகலத்தில் காற்றுக்குழாய்.
அந்த ஊர்க்காரர்கள் அவ்வளவு பெருமூச்சு விடுகிறவர்களா?
கட்டட வரைபடம் போட்டுப் பிழைக்கிறவன்;
நள்ளிரவு வரை அதையே பேசியிருப்பான்.

மரைக்கேவுக்கு மின்கலத்தின் மேல் மனத்தாங்கல்.
ஒருவனை ஓசையில்லாமல் சாய்த்தால் ஒரு கட்டம் காலி.
இரும்புக் கை, கண்ணுக்குள் திரை, முதுகெலும்பில் விசை
எல்லாம் வைத்திருக்கிறவன்
சாக்லேட்டுக்காக மேசை மேசையாய்
இழுப்பறை திறந்து அலைகிறான்,
எறும்பு மாதிரி.

மழைக்காகவே மன்னிக்கலாம் என்றான் வீபே,
அந்த ஊதா மழை, தார்ச்சாலையில் விளம்பர வெளிச்சம்.
ஜன்னலைத் திற, ஓசியில் கிடைக்கும் என்றாள் மரைக்கே.

பிறகு முடிவு.
நாற்பது மணிநேரம் நாம் செய்ததையெல்லாம் கணக்கெழுதிவிட்டுக்
கடைசியில் மூன்று கதவைக் காட்டி எதில் போகிறாய் என்கிறது.
விடிய விடியக் கதை சொன்னவன்
விடிந்ததும் உன் பெயரென்ன என்று கேட்பதுபோல.
இதில் மட்டும் மூவரும் ஒரே கட்சி.

ஹில்டே, நீ எத்தனை பேரைக் கொன்றாய்?

யாரையும் இல்லை என்றேன்.

யார் கண்ணிலும் படாமலா?

பட்டேன். ஒருவன் கண்ணில். வேண்டுமென்றே.

துறைமுகக் கட்டத்தில் காவலாளி எண் பதினேழு.
சத்தம் கேட்டால் நிற்பான்,
“எலியாயிருக்கும்” என்பான்,
திரும்பி ஏழு எட்டு நடப்பான்.
நிழலில் உட்கார்ந்து பதினொரு முறை பாட்டிலை உருட்டினேன்.
வேறேதாவது சொல்வானா என்று பார்த்தேன்.
பதினொரு முறையும் எலி.
பன்னிரண்டாவதற்கு எழுந்து விளக்கடியில் போய் நின்றேன்.
சுட்டான்.
சுடும்போதும் வாயில் வேறு வார்த்தையில்லை.

வசனம் எழுதியவன் ஓர் இரவும் காவல் நின்றதில்லை என்றேன்.
சத்தம் கேட்டால் நாங்கள் பேசமாட்டோம்.
டார்ச்சை அணைப்போம்.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.
எலியாயிருக்கும் என்று தோன்றவே தோன்றாது,
எலியாயிருக்கட்டும் என்றுதான்.

யாரும் பதில் சொல்லவில்லை.
ச்யேர்ட் உப்பு மிட்டாய்ப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினான்.
பத்தரைக்குப் பையிலிருந்து சீருடையை எடுத்து
வீபேயின் குளியலறையில் மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

வாழைப்பழக் கொள்கலன்கள் வரிசை வரிசையாய்.
குளிர்பெட்டிகளின் உறுமல்.
மழையில் ஊதா கீதா எதுவும் இல்லை,
சோடியம் விளக்கின் மஞ்சள்தான், அதுவும் ஒன்று அவிந்து.
மூன்றேகாலுக்கு நாற்பதாம் வரிசைக்குப் பின்னால்
இரும்பில் இரும்பு பட்டது.

டார்ச்சை அணைத்தேன்.
இரண்டு பெட்டிகளின் இடுக்கில்
நனைந்த வெள்ளைக் காலணி, பள்ளிக்கூடப் பை,
பதினைந்து வயது இருக்குமா?
பெட்டிக்குள் வந்து சேர்ந்த எதையோ எடுத்துவர
யாரோ காசு கொடுத்து அனுப்பிய பையன்.
வாயைத் தன் கையாலேயே பொத்தியிருந்தான்.
கை இரும்பு இல்லை; நடுங்கியது.

இடுப்பில் வயர்லெஸ்.
அதன்மேல் என் கட்டைவிரல்.
கட்டைவிரலைப் பார்த்தபடி அவன்.

“எலியாயிருக்கும்” என்றேன்,
காற்றைத் தாண்டிக் கேட்கிற மாதிரி, உரக்க.
திரும்பி நடந்தேன்.
எண்ணி ஏழு எட்டு, மெதுவாக.
பின்னால் வேலிக்கம்பி அதிர்ந்து அடங்கியது.

காவல் அறையில் காப்பி ஆறும்வரை காத்திருந்து
மரைக்கேவுக்கு எழுதினேன்:
ஒரு திருத்தம்.
அந்த வசனம் அவ்வளவு மோசமில்லை.