முந்நூறு

பத்தாம் வகுப்பு, தமிழ்ப் பாடம்.
மழைக்கு முந்திய புழுக்கம்.
இணங்க வைக்கும் பேச்சு என்று தலைப்பிட்டு
கரும்பலகையில் எழுதியிருந்தது:
கேள்வியோடு தொடங்கு.
கேட்பவரை 'நீங்கள்' என்று கூப்பிடு.
மூன்று சொல் அடுக்கு.
நடுவில் ஓர் எண் வை;
எண்ணைக் கேட்டால் சனம் நிமிர்ந்து உட்காரும்.

நான் எடுத்தது நகரத்து மான்கள்.
கேள்வி இருந்தது. நீங்கள் இருந்தீர்கள்.
பசி, பொலித்தீன், சாவு என்று மூன்றும் இருந்தன.
எண்தான் இல்லை.
மேடைக்கு மூன்று படி.
இரண்டாவதில் கால் வைக்கையில் வாய்த்தது.

"முந்நூறு மான்கள், நண்பர்களே,
நீங்கள் எறியும் லஞ்ச் சீற்றைத் தின்கின்றன."
மின்விசிறிகூட நின்று கேட்டது.
கரண்ட் போயிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.
கைதட்டினார்கள். நுஸ்கியா அழுதாள்.
அவள் எதற்கும் அழுவாள், இருந்தாலும்.

வெள்ளிக்கிழமை அதிபர் ஒலிவாங்கியில் சொன்னார்: முந்நூறு.
திங்கட்கிழமை, மணிக்கூட்டுக் கோபுரத்தடியில்
ரீலோட் கடைக்காரர் மிச்சக் காசை எண்ணிக்கொண்டே
யாருக்கோ சொல்கிறார்,
"முந்நூறாம், தெரியுமோ?"
இரவு அண்ணன் எனக்கே சொன்னான்.
நான் இடியப்பத்துக்குச் சொதி ஊற்றிக்கொண்டேன்,
நிரம்ப.

சித்திரப் பாடத்துக்கு ஒரு தவணை முழுக்கத் தனிச் செயற்றிட்டம்,
சொந்தமாய் யோசித்தது.
கிரிசாந்தன் ஐஸ்கிறீம் குச்சியில் துறைமுகம் கட்டினான்.
நான் மான் என்று எழுதிக் கொடுத்தேன்.
வேறொன்றும் அப்போது கைக்கு வரவில்லை.

கோட்டை வாசலுக்குள், மரத்தடியில்
முதல் மான் படுத்திருந்தது.
முழங்கால் என்று நான் நினைத்த இடம்
பின்பக்கமாய் மடிந்தது.
அழித்தேன். திரும்ப அழித்தேன்.
தாளில் பஞ்சு கிளம்பியது.
கேள்வி கேட்டுப் பார்த்தேன். 'நீங்கள்' என்றும் கூப்பிட்டேன்.
அது அசைபோட்டது.
கால் எங்கே மடியும் என்பதில்
என் பேச்சு எடுபடவே இல்லை.

அங்கேயே, குந்தியிருந்தபடி தீர்மானித்தேன்:
வாயால் பட்ட கடனைக் கையால் அடைப்பது.
ஒரு மானுக்கு ஒரு தாள், உள்ளங்கை அளவு.
பென்சில் மட்டும்.
மூலையில் இலக்கம்.

ஏழு, மைதானச் சுவரோரம், யாரோ எறிந்த வாழைப்பழத் தோலோடு.
பத்தொன்பது, பஸ் நிலையத்தில்,
மூதூர் பஸ் புறப்பட, நிழல் பறிபோய் எழும்பி நின்றது.
முப்பத்திரண்டு டச்சு வளைகுடா மணலில்
கடலைத் திரும்பியும் பாராமல்
கச்சான் சரையை மென்றுகொண்டிருந்தது.
நாற்பதுக்குப் பிறகு
முழங்கால் தானாக வந்தது.

அறுபத்தெட்டுக்கு இடது காதில் ஒரு கிழிசல்.
வீட்டில் கட்டிலெல்லாம் பரப்பிப் பார்க்கிறேன்,
இருபத்தொன்றுக்கும் அதே கிழிசல்.
அழிறப்பரை எடுத்தேன். ஒருவரும் பார்க்கவில்லை.
ஒருவரும் காதை ஒப்பிடப் போவதுமில்லை.
அறுபத்தெட்டை அழித்து
அதிலும் இருபத்தொன்று என்று போட்டேன்.

படிவத்தில் ஒரு கேள்வி:
'பார்ப்பவரை எதை உணரச் செய்ய விரும்புகிறீர்?'
அதன் கீழே மூன்று புள்ளிக்கோடு.
இன்னும் எண்ணி முடியவில்லை, என்று
முதல் கோட்டில் மட்டும் எழுதினேன்.

நேற்று ரீலோட் போடப் போன இடத்தில்
கேளாமலே சொன்னேன்,
"அண்ணை, அந்த மான் கணக்கு, நான் கண்டது அறுபத்தேழுதான்."
அவர் சிரித்தார்.
"விசர்க்கதை கதையாதையும் பிள்ளை,
முந்நூறு எண்டு அதிபரே சொன்னவர்."

என்னிடம் கேள்வி இல்லை, அடுக்க மூன்று சொல் இல்லை.
எண் மட்டும் இருந்தது, அது சின்னது.
கடை வாசலில் ஒன்று வந்து நின்று
குப்பைக் கூடையை முகர்ந்தது.
குனிந்து முதலில் காதைப் பார்த்தேன்.