ஏழு முடி

முதல் வாரத்தில் ஏழு முடி உதிர்ந்தது.
கழுவுதொட்டியின் வெள்ளையில் ஒட்டிக் கிடந்ததை
ஒவ்வொன்றாய் எடுத்து
டீசல் ரசீதின் பின்பக்கம் டேப் போட்டு ஒட்டினேன்.
படகில் இஞ்சின் அறைக்காரன் நான்.
கசிவு என்றால் கணக்கு வைப்பேன்.

ஆயிரத்து நானூறு குரோனர் கொடுத்து வாங்கிய சவர பிரஷ்.
பிர்ச் மரத்தின் கழலையில் கடைந்த பிடி,
சுழித்துக்கொண்டே வந்த நீர்
ஏதோ ஞாபகம் வந்து நின்றுவிட்டாற்போல் ரேகை.
அதன் மேல் வளைக்கரடி முடி:
அடி சாம்பல், இடையில் ஒரு கறுப்புப் பட்டை,
நுனி வெளுப்பு.
இத்தனை அழகாயும் இருந்துகொண்டு
உதிரவும் செய்தால் கோபம் வராதா?

சனிக்கிழமை வேலை முடித்து
அதே படகில் பயணியாய் ஏறி
ஸ்டூர் தீவில் இறங்கினேன்.
நவம்பரில் அந்தப் பக்கம்
மழையை யாரும் மழை என்று சொல்வதில்லை.

படகுக் கொட்டகையின் மாடியில் பட்டறை.
கதவைத் திறந்தவன் ஆஸ்முண்ட்.
புருவம் இல்லை. இமையில் ஒரு முடி இல்லை.
கன்னமும் தாடையும்
அலை தேய்த்த கல்.
பன்னிரண்டு வயதில், ஒரே கோடையில்
எல்லாம் கொட்டிப் போனதாம்.
நான் கேட்கவில்லை.
என் கண் கேட்டிருக்கும்.

ரசீதை நீட்டினேன்.
விளக்கடியில் பிடித்து ஏழையும் எண்ணினான்.
"பாதியில் முறிந்திருந்தால் உன் கை.
இது அடியோடு வந்திருக்கிறது.
என் கட்டு" என்றான்.

சண்டைக்கென்று கடல் தாண்டி வந்தவனுக்கு
இதைவிட ஏமாற்றம் உண்டா?

உட்காரச் சொன்னான்.
சின்னத் தராசில் முடியை நிறுத்தான்,
என் பெருமூச்சுக்கு ஆடுகிற தராசு,
அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
பித்தளைக் கிண்ணத்தில்
நுனி கீழே, அடி மேலே.
மேசையில் தட்டினான். தட்டினான். இன்னும் தட்டினான்.
கத்தரிக்கோல் எங்கே என்றேன்.
"நூல் நறுக்க இருக்கிறது.
நுனியில் பட்டால் அது முள்."
பிரஷின் உச்சி உருண்டு நிற்பது
மேலே செதுக்கியதால் என்றுதான் நினைத்திருந்தேன்.
அடியில் ஒவ்வொரு முடியும் தன் உயரத்தை
ஒப்புக்கொண்டதால் வந்த உருண்டை அது.

பிறகு நூல்.
இரண்டு சுற்று, ஒரு முனை பல்லில்,
ஒரு முனை விரலில்.
முடியை முடிந்தான்.
கயிறு கட்டியே வயிறு வளர்த்தவன் நான்,
அப்படியொரு இறுக்கத்தை
சத்தமில்லாமல் யாரும் போட்டுப் பார்த்ததில்லை.

பசை காய ஒரு நாள் ஆகும்.
போன வாரம் கட்டி, பிடியில் ஏற்றியிருந்த ஒன்றை எடுத்து
வெந்நீரில் நனைத்து, உதறி,
சோப்பில் வட்டமாய்ச் சுழற்றி
தன் கன்னத்தில் வைத்தான்.
வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டான்.
நுரை எழுந்தது,
காதோரம் வரை, மூக்குக்குக் கீழே,
தொண்டையின் மேட்டில்.
அழுத்தினான்; வளைந்தது. விட்டான்; நிமிர்ந்தது.
"சரி" என்றான், எனக்கில்லை.

பிறகு துண்டை எடுத்துத் துடைத்துவிட்டான்.
அந்த அறையில் பிளேடே கிடையாது.

சிரிப்பு வந்திருக்க வேண்டும் எனக்கு.
"தாடிக்காரன் கத்தியைத்தான் நினைத்துக்கொண்டிருப்பான்,"
காதில் தங்கிய நுரையை வழித்தபடி சொன்னான்,
"எனக்கு இதுமட்டும்தான்."

எட்டு மாதமாகிறது.
மார்ச்சில் ஒரு முடி உதிர்ந்தது.
அதை ஒட்டி வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை.
சவரம் முடிந்தது, முகம் கழுவியாயிற்று,
வழிக்க ஒன்றும் மிச்சமில்லை.
பிரஷை மறுபடி நனைத்தேன்.
கதவுக்கு வெளியே ராக்ன்ஹில்ட்:
"இன்னுமா?"
"இன்னும்தான்."
கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னேன்,
பிறகு துண்டைத் தேடினேன்.